டப்பா அண்ணாச்சி பெட்டிக்குள் போன கதை

விளக்கம் சொல்வதற்காகத் தன்னையே இரும்புப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்ட மனிதர் தூத்துக்குடியில் ஒருவர்தான் உண்டு. எங்கள் ஆபீஸில் அவருக்கு டப்பா அண்ணாச்சி என்று பெயர். வீட்டில் வைத்த பெயரை அவரே மறந்திருக்கக்கூடும்.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டுக்கு நாங்கள் சாஃப்ட்வேர் எழுதினோம். ஒருநாள் காலை அங்கே பெட்டிகளை நகர்த்தத் தேவையான கேட் சீட்டு அச்சாகவில்லை. பிழையைத் திருத்திவிட்டோம். ஆனால் திருத்தத்தைச் சோதித்து ஏற்றவேண்டிய சர்வர் மறுத்தது. அண்ணாச்சி அதை ஒரு சாஃப்ட்வேர் டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தார். சோதனைக்கு அது வேறு டப்பாக்களைத் திறக்கவேண்டும். டப்பாக்களை ஓட்டும் மென்பொருளான டாக்கரின் கட்டளையோ உள்ளே இல்லை.

"டப்பாக்குள்ள கெடக்கது எப்படி இன்னொரு டப்பாவத் தெறக்கும்? வெளங்கலையே" என்றார் யார்டு மேனேஜரம்மா.

"செஞ்சே காட்டுதேன்" என்று அண்ணாச்சி வாக்கிடாக்கியுடன் ஒரு காலிப் பெட்டிக்குள் ஏறி, கதவைச் சாத்தச் சொன்னார்.

"நான்தான் சர்வர். உள்ள கிரேன் கெடையாது. ஆனா வெளிய உள்ள கிரேன் டிரைவர்கிட்ட பேச வாக்கிடாக்கி இருக்கு. அதுக்குப் பேருதான் சாக்கெட்டு! வே டிரைவரே, காலிப் பெட்டி எல்லாத்தையும் தூக்கி அடுக்கும்!"

டிரைவர் நேர்மையானவர்; கணக்கில் காலி என்றிருந்த எதையும் விடமாட்டார். முதலில் அண்ணாச்சியின் பெட்டியையே தூக்கி மூன்றாவது அடுக்கில் வைத்தார்.

"பாத்தியளா! வேல செய்யுதுல்லா!" என்று வாக்கிடாக்கி கூத்தாடியது.

"அண்ணாச்சி, தூக்குனது ஒங்க பெட்டியத்தான்!" என்று கத்தினேன்.

வாக்கிடாக்கி செருமியது. "அதுவும் நடக்கும்லே. உள்ள இருந்துக்கிட்டு தன்னையே காலி பண்ணிக்கிடலாம். அதான் இதுல உள்ள ஆபத்து. எழுதி வச்சுக்கோ."

டிரைவர் இறக்க மறுத்தார். "அடுக்குனத எறக்க சீட்டு வேணும். போன மாசந்தான் சீட்டில்லாம எறக்கி மெமோ வாங்குனேன்."

"ஆளு உள்ள இருக்காருவே!" என்று மேனேஜரம்மா கத்தினார்.

"அப்ப ஆளுக்கும் சேத்து சீட்டு வேணும்மா."

சீட்டு அச்சாகத் திருத்தம் ஏறவேண்டும்; அதற்கு சர்வர் ஓடவேண்டும். சர்வரை ஓட்டத் தெரிந்தவர் வெயிலில் வெந்துகொண்டிருந்தார்.

"லேப்டாப்பத் தெறலே" என்றது வாக்கிடாக்கி. "சர்வர் டப்பாவ நிறுத்து. டாக்கர் கட்டளைய உள்ள போடு. வெளி மிஷினோட சாக்கெட்ட, அதான் நம்ம வாக்கிடாக்கிய, உள்ள மவுண்ட் பண்ணிக் கெளப்பு."

"அனுமதி இல்லைங்குது அண்ணாச்சி!"

"சர்வரோட யூசர அந்த சாக்கெட்டத் தொட அனுமதி உள்ள குரூப்புல சேத்துவிடுலே."

என் விரல்கள் இரண்டு தடவை எழுத்தைத் தப்பாக அடித்தன. ஒவ்வொரு வரிக்கும் அவர் குரல் மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் சோதனை தேறி, திரை பச்சையானது. பிரிண்டர் கரகரத்துச் சீட்டைத் துப்பியது. டிரைவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்.

கதவைத் திறந்தால், கடலில் முங்கி எழுந்தவர்போல அண்ணாச்சி நின்றார். நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு நேரே டிரைவரிடம் போனார்.

"நீரு மொதல்ல குடியும்வே. ரொம்பப் பயந்துட்டீரு."

அப்போதுதான் பார்த்தேன், டிரைவரின் கைக்குள் அந்தச் சீட்டு கசங்கிக் கிழிந்திருந்தது. அண்ணாச்சியைத் தவிர எங்களில் யாரும் அதுவரை அவரைக் கவனிக்கவில்லை.

அண்ணாச்சியைக் கிறுக்கர் என்று நான் சொல்லுவேன். இன்னொருவரைச் சொல்ல விடமாட்டேன்.