பாலைவனத்திலிருந்து உன் தங்கையை மீட்டுத் தரக் கோரி

அன்புள்ள மைத்துனர் வெர்னுக்கு,

கர்ட் எழுதுவது. நீயும் டார்லாவும் பெமிட்ஜியில் நலமாக, முக்கியமாகக் கதகதப்பாக, இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். கிறிஸ்துமஸ் விருந்தில் வான்கோழி அறுக்கும் கத்தியை எல்லார் முன்னாலும் என் கையிலிருந்து பிடுங்கினாயே, அதை நான் மறந்துவிட்டேன். இந்தக் கடிதம் அதைப் பற்றியதல்ல.

விஷயம் உன் தங்கை. ரோண்டா நம் ஊர் வீட்டை விற்றுவிட்டு, வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் இந்த டிரெய்லர் வீட்டிலேயே குடியிருக்கலாம் என்கிறாள். பனிக்காலத்தில் பாலைவனம் வழியாக ஒரு சின்னப் பயணம் என்று சொல்லித்தான் என்னைக் கிளப்பினாள். நீயும் பெரிய மனசோடு உன் பழைய டிரெய்லரை எங்கள் தலையில் கட்டினாய். அதன் ஹீட்டர் நெப்ராஸ்காவில் இருமத் தொடங்கி நியூ மெக்ஸிகோவில் உயிரை விட்டது. பாலைவனம் என்றால் வெயில் என்று இருபத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நான், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினேன். கள்ளி ஒன்றைக் கண்டால் ரோண்டா "நிறுத்து" என்பாள். நிறுத்தினால், "அதோ அதைவிட உயரமா ஒண்ணு, போ போ" என்பாள். இப்படியே அரிசோனா வந்து, குவார்ட்ஸைட் ஊருக்குத் தெற்கே, வட மாநிலத்துக் கிழடுகளெல்லாம் குளிர்காலத்துக்கு டிரெய்லரை நிறுத்தும் பொட்டலில் நாங்களும் நிறுத்தினோம். அன்றிலிருந்து அவள் நகர மறுக்கிறாள். காலையில் பெண்களோடு கல் பொறுக்கப் போகிறாள். மாலையில் தீ மூட்டி வட்டமாக உட்கார்ந்து, பொறுக்கிய கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கிறார்கள். என்னிடம் ஒன்றைக் காட்டி, "எவ்வளவு அழகு பாரு" என்றாள். கல் மாதிரி இருக்கிறது என்றேன். அதற்குக் கோபம்.

ஆகவே ஒரு முடிவெடுத்தேன். அவள் கல்லுக்குப் போன நேரத்தில் மூட்டை கட்டிவிட்டால், வந்ததும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடலாம். நாற்காலிகள், மேசை, அடுப்பு, தண்ணீர்க் குழாய், தரைவிரிப்பு, டிரெய்லரை வண்டியோடு பூட்டும் இரும்புக் கொக்கி எல்லாவற்றையும் துடைத்துப் பாதையோரம் வரிசையாக அடுக்கினேன். உள்ளே போய்ப் பாத்திரங்களைக் கட்டிவிட்டு வெளியே வந்தால், ஒரு துரும்பு இல்லை. சாமான் இருந்த இடத்தில் ஒரு சட்டி பீன்ஸும், துணி சுற்றிய சோள ரொட்டியும் இருந்தன. இந்தப் பொட்டலில் பாதையோரம் வைத்த பொருள் எடுத்தவருக்குச் சொந்தமாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு எப்போதுதான் எதைச் சொன்னார்கள்? தலைமையாசிரியர் பதவி கைவிட்டுப் போனதே செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பக்கத்து டிரெய்லர் ஏர்ல், மிசௌரிக்காரர், எங்கள் அடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்து கையைக் குலுக்கினார்.

"தம்பி, உன்னை உம்மணாமூஞ்சின்னு நெனச்சுட்டேன். மன்னிச்சுக்கப்பா. இப்படி வாரிக் குடுக்கிறவன இங்க நான் பார்த்ததே இல்ல."

"அது இருக்கட்டும். அந்த இரும்புக் கொக்கி..."

"அதுவா? எடுத்தவன் பூட்டிக்கிட்டு அப்பவே யூமாவுக்குக் கிளம்பிட்டானே. வாயார வாழ்த்திட்டுப் போனான்."

திரும்பக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தபோது ரோண்டா வந்துவிட்டாள். வெறும் தரையைப் பார்த்தாள், பீன்ஸ் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் நீயா குடுத்தே?"

"ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்வது?

"உனக்குக்கூட மனசுன்னு ஒண்ணு இருக்கா கர்ட்!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது எங்களுக்கு நாற்காலி இல்லை. தினமும் என் சொந்த நாற்காலியை யாரோ இரவல் தருகிறார்கள், நான் நன்றி சொல்லி உட்காருகிறேன். டிரெய்லரை இழுக்க வழியில்லை. இனி இங்கேயே இருக்கச் சம்மதித்துத்தான் நான் வாரிக் கொடுத்ததாக முகாம் முழுக்கப் பேச்சு. ரோண்டா வீட்டுத் தரகருக்கு எழுதப்போகிறாளாம். ஆகவே வெர்ன், அண்ணன் என்ற முறையில் நீ தலையிட வேண்டும். இங்கே குன்றின் உச்சியில்தான் போன் சிக்னல் கிடைக்கும். பொழுது சாய்கிற நேரம் அவள் அங்கே நிற்பாள். கூப்பிட்டு, உடனே புறப்பட்டு வா என்று கண்டித்துச் சொல். நான் சொன்னால் எடுபடாது.

டார்லாவுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உங்கள் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் வசந்தம் வரை பழுதாகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை கணவன்,
கர்ட் லிண்ட்குவிஸ்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. ஏர்ல் எங்கிருந்தோ வேறு கொக்கி கொண்டுவந்து பூட்டிவிட்டார். நேற்றுத் தீயருகே அவர் வடக்கும் தெற்கும் மோதிய நம் உள்நாட்டுப் போரைப் பற்றித் தப்பும் தவறுமாக அளந்தார். நான் திருத்தினேன். அவர் மறுத்தார். ரோண்டா எழுந்து, அத்தனை பேர் முன்னாலும், "எங்க வீட்டு மனுஷன் சொல்றதுதான் சரி" என்றாள். கல்யாணமான நாளாக அவள் வாயில் இது வந்ததில்லை. இன்று காலை என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாவம், எனக்காக ரொம்பப் பொறுத்துக்கிட்டே. சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பிடலாம்" என்கிறாள். வெர்ன், நீ உடனே போன் செய்து, அங்கே பனி கூரை வரைக்கும் கிடக்கிறது, ஏப்ரல் வரை இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. ஏர்ல் இன்னும் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை.