வரி மிச்சம் பிடித்துத் தருகிறவர்

சம்பளம் வாங்குகிற இடம் எதுவானாலும் அங்கே இவர் ஒருவர் இருப்பார். வருடத்தில் பதினோரு மாதம் இருக்கிற இடம் தெரியாது. ஜனவரியில் தலைமை அலுவலகத்திலிருந்து வருமான வரிப் படிவம் வந்து சேரும் பாருங்கள், அன்று காலை உங்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முதல் வரியிலேயே உச்சுக்கொட்டி, "ஐயையோ, இப்படியா எழுதுவாங்க!" என்பவர் இவர்தான். கூலி எதுவும் கேட்க மாட்டார். "அவர் இல்லேன்னா நான் மாட்டியிருப்பேன்" என்று நாலு பேர் முன்னால் நீங்கள் சொன்னால் போதும்.

எங்கள் ஜவ்வாது மலை ஆஸ்பத்திரியில் அவருக்கு டோமினிக் என்று பெயர். மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர். வீட்டு வாடகைப்படியா? சொந்த வீட்டில் இருக்கிறவனைக்கூட மாமியாருக்கு வாடகை கொடுக்க வைப்பார். மலைப்படியா? ஆயிரம் மீட்டர் உயரத்தில் வேலை பார்த்தால் அந்தப் படியில் மாதம் முந்நூறு ரூபாய்க்கு வரி கிடையாது என்று எங்கேயோ படித்துவிட்டு, செல்போனும் கையுமாகத் தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி உயரம் பார்த்த மனிதர். "கொஞ்சந்தான் கொறையுது" என்று இறங்கினார். கட்டடம் கட்டியவர்மேல் அவருக்கு இன்னும் வருத்தம் உண்டு.

சிரித்தோம். மூன்று வருடத்துக்கு முன்பு மெர்சிலின் சிஸ்டர் விஷயம் நடக்கும்வரை சிரித்தோம்.

சிஸ்டர் எங்கள் நர்ஸ். நெல்லிவாசல்நாட்டுக் குக்கிராமங்களுக்கு மருத்துவ முகாம் போகிறவர். பஸ் எப்போதாவது வரும். ஷேர் ஜீப்தான் கதி. அந்தச் செலவுக்கு ஆஸ்பத்திரி நடத்தும் டிரஸ்ட் மாதம் மூவாயிரம் முன்கூட்டியே கொடுத்துவிடும். போய்வந்ததற்கு ஆதாரம் காட்டினால் அது செலவு. காட்டாவிட்டால் சம்பளம். சம்பளமானால் சிஸ்டரின் வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடும். தாண்டினால் பதினேழாயிரத்துச் சொச்சம் வரி, தாண்டாவிட்டால் ஒரு பைசா கிடையாது. அன்றைய சட்டம் அப்படி. ஆட்டுக்குட்டிக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போய், மார்ச்சில் ஒரு பழைய ஸ்கூட்டருக்கு முன்பணம் கொடுப்பதாக அவர் சொல்லி வைத்திருந்தார்.

ஷேர் ஜீப்பில் யார் பில் கொடுக்கிறார்கள்? அதனால் சிஸ்டர் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, எந்தத் தேதி, எந்த ஊர், எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி, அந்தந்த ஊர் அங்கன்வாடியில் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். ஒரு நாள் எண்பது, ஒரு நாள் நூற்று அறுபது, மழையில் ஜீப் ஓடாத வாரம் ஒன்றுமில்லை. டோமினிக் அந்த நோட்டைப் புரட்டினார்.

"இன்னா சிஸ்டர் இது, மளிகைக்கடை சிட்டை கணக்கா? இதெல்லாம் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. பில்லு இருந்தாத்தான் பேச்சு."

"ஜீப்புக்கு ஏது சார் பில்லு?"

"நான் இருக்கேன் இல்ல?"

இருந்தார். திருப்பத்தூரில் பில் புத்தகங்கள் வாங்கிவந்தார். ஜீப்காரர் சின்னராசுவைக் கிடங்குக்குள் உட்கார வைத்தார்.

"ஆட்டுக்கும் சேத்தா பில்லு போடணும் சார்?" என்று சின்னராசு கேட்டார்.

"நீ கையெழுத்தைப் போடுய்யா. மாசம் முப்பது நாளு, நாளுக்கு நூறு. மூவாயிரம் எப்டி நேரா ஒக்காருது பாத்தியா?"

ஒரே மத்தியானம், ஒரே பேனா, ஏப்ரல் முதல் ஜனவரி வரை முந்நூறு பில். அன்று சின்னராசு ஜீப்பையே எடுக்கவில்லை. அன்றைய தேதிக்கும் ஒரு பில் உண்டு. எல்லாம் சிஸ்டரின் படிவத்தோடு சேர்ந்து போயிற்று.

பிப்ரவரியில் சிஸ்டரைத் திருப்பத்தூர் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கணக்கர் சசிகலா பில்களை மேசைமேல் பரப்பி வைத்திருந்தார்.

"சிஸ்டர், ஞாயித்துக்கெழமை எல்லாம் கூடவா கேம்ப்பு?"

சசிகலா இன்னொரு பில்லை எடுத்தார்.

"சரி, டிசம்பர் இருவத்தஞ்சு? அன்னிக்கு எங்க வூட்டுக்கு வந்து கேக்கு குடுத்துட்டுப் போனது யாருங்க?"

சிஸ்டர் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். சசிகலா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"இதை மொதல்லயே குடுத்திருந்தா பாஸ் பண்ணியிருப்பேனே சிஸ்டர். இந்த பில்லைப் பாத்தப்பறம் இந்த நோட்டை நான் எப்டி நம்பறது, நீங்களே சொல்லுங்க?"

பிப்ரவரிச் சம்பளத்தில் பதினேழாயிரத்துச் சொச்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்கூட்டரை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். பத்து வருடம் ஒரு ஊசி கூடுதலாகக் கணக்கு எழுதாத மனுஷி, பொய்க் கணக்குக்காரி என்ற பெயரோடு மறுநாளும் அதே ஜீப்பில் ஏறினார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

நம்முடைய நிபுணர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் பொதுவாச் சொன்னேன். ஞாயிறு, பண்டிகை எல்லாம் அவங்கதான பாத்துக்கணும்?" ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து சிஸ்டருக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவர் சொன்னார். இன்னொன்றும் அப்போதுதான் வெளியே வந்தது. வருடாவருடம் தன் படிவத்தில் மட்டும் ஒன்றுமே எழுதாமல் கையெழுத்துப் போட்டு, "நீங்களே பாத்துப் போட்டுக்கோங்கம்மா" என்று சசிகலாவிடம் கொடுத்துவிடுவாராம்.

இவ்வளவு பேசுகிற நீ யார் என்று கேட்கிறீர்களா? அந்த மத்தியானம் காலண்டரைப் பிடித்துக்கொண்டு தேதி தேதியாக வாசித்தவன் நான். சிவப்பில் அச்சடித்திருந்ததையும் விடாமல் வாசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நானும் உங்களை ஒன்று கேட்கலாமா? சசிகலா கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றிக் கேட்ட இடத்தில், "அடடா, ஞாயிறையும் பண்டிகையையும் விட்டுவிட்டு எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாமே" என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் வரும் ஜனவரியில் பக்கத்து மேசைக்காரர் படிவத்தை எடுக்கும்போது, தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.