எலும்பூசியின் மூன்று மூட்டை

எங்கள் லாட்ஜ் முதலாளி பொய் சொல்கிறார். "எலும்பூசி காய்ச்சல்ல செத்தான்" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். காய்ச்சல் சும்மா வரவில்லை. எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன்.

திருவண்ணாமலையில் லாட்ஜுக்கும் குறைவில்லை, கிறுக்கர்களுக்கும் குறைவில்லை. ஆனால் எலும்பூசியைப் போல் ஒருத்தர் இந்த மலையைச் சுற்றி எந்தத் தெருவிலும் கிடையாது. லாட்ஜில் பெட்ஷீட், தலையணை உறையெல்லாம் அவர் பொறுப்பு. நான் ரிசப்ஷனில் இருந்தேன். யாரும் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

இரும்பு ஊசியைத் தொடமாட்டார். பிரியாணிக் கடைக்குப் போய், "பிரியாணி வேணாம்பா, எலும்பு மட்டும் குடு" என்பார்.

"நாய்க்காண்ணே?"

"இல்லபா, ஊசிக்கு."

அந்த எலும்பை நாள்கணக்கில் கல்லில் தேய்த்து, காது குத்தி, ஊசியாக்குவார். ஆதி மனிதன் இப்படித்தான் தோலைத் தைத்தானாம். அதால் தலையணை உறையைத் தைத்தால், எலி போய்வருகிற அளவுக்கு ஓட்டை விழும். முதலாளி கத்துவார். இவர் சிரிப்பார்.

ஒருமுறை ரூம் கேட்டு வந்த வாத்தியார் ஒருத்தர், இவருடைய ஊசிப் பெருமையைக் கேட்டுவிட்டு, "மனுஷனை மனுஷனாக்கினது நெருப்பு" என்று சொல்லிவிட்டார். எலும்பூசி கையிலிருந்த பெட்ஷீட்டைக் கீழே வைத்தார்.

"நெருப்ப மேல போட்டுக்கினு நடக்க முடியுமா சார்? துணியப் போட்டுக்கினு நடக்கலாம். அதனாலதான் மனுஷன் குளுரு ஊருக்கெல்லாம் போனான்."

"அதுக்கு இன்னாய்யா அத்தாட்சி?"

"பேனு சார். தலைப்பேன் வேற, துணிப்பேன் வேற. துணி வந்தப்பறம்தான் துணிப்பேனே வந்துச்சு. கொஞ்சம் திரும்புங்க, உங்க காலர்லயே காட்றேன்."

வாத்தியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர் லாட்ஜுக்குப் போய்விட்டார்.

பௌர்ணமிக்கு வருகிறவர்கள் ரூமில் விட்டுப்போகும் துண்டு, வேட்டி, சால்வை எல்லாவற்றையும் துவைத்து, கிழிசலைத் தைத்து, துணி ரூமில் மூட்டை கட்டி வைப்பார். மார்கழி பிறந்ததும் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரைக்கும் நடந்து, வெற்றுடம்போடு படுத்திருக்கிற சாமியார்களுக்குப் போர்த்திவிட்டு வருவார்.

"உனக்கு இன்னாத்துக்குண்ணே இந்த வேல?" என்று, ஒரு மார்கழியில் மூட்டை தூக்கிக்கொண்டு கூடப் போனபோது கேட்டேன்.

"மொத மொதல்ல தோலத் தச்சவன் தனக்கா தச்சிருப்பான்? பக்கத்துல ஒரு கொழந்த நடுங்கியிருக்கும்பா."

போன தீபத்துக்குக் கூட்டம் நெரிந்தது. முதலாளி துணி ரூமிலும் கட்டில் போட்டு வாடகைக்கு விட்டார். வருஷம் முழுக்கச் சேர்த்த மூன்று மூட்டையையும் குப்பை வண்டியில் ஏற்றச் சொன்னார். அந்த ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தது நான். அதையும் எழுதிவிடுகிறேன்.

எலும்பூசி வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. காலி ரூமைப் பார்த்தார்.

"வண்டி எந்தப் பக்கம்பா போச்சு?"

கை காட்டினேன். ஓடினார். சாயங்காலம் சொட்டச் சொட்டத் திரும்பினார். கையில் ஒன்றுமில்லை.

"இந்த வருஷம் குளுரு ஜாஸ்தினு சொல்றாங்கபா" என்றார்.

மறுநாள் காய்ச்சல். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். நான் போனபோது பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி வைத்திருந்தார்கள். அத்தனை பேருக்குப் போர்த்தினவர். ஓடிப்போய் ஒரு வேட்டி வாங்கிவந்து போர்த்தினேன். அன்றோடு லாட்ஜ் வேலையையும் விட்டேன்.

அவர் கடைசியாகத் தேய்த்த ஊசி என்னிடம் இருக்கிறது. காது இன்னும் குத்தவில்லை. எனக்குக் குத்தத் தெரியாது. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

நேற்று அடி அண்ணாமலையில் ஒரு கிழச் சாமியார் என்னை நிறுத்தினார். கையிரண்டையும் அக்குளில் செருகியிருந்தார். "லாட்ஜ்காரர்தான நீங்க? போர்வக்காரரு இன்னும் வரலியேப்பா?" என்றார்.

முதலாளி, அவருக்கான பதிலை நீங்கள் சொல்லுங்கள். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, ஊர் படிக்கிற மாதிரி எழுதுங்கள்: அந்த மூன்று மூட்டையும் எங்கே?