டைரக்டர் கொடுத்த ரத்தக்குழாய்

ஒட்டக் கூடாத இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு அசைய மாட்டேன் என்றன நுண்துகள்கள். பசை டாக்டர் நுண்ணோக்கித் திரையை முறைத்துப் பார்த்தாள்.

மூன்று வருடமாக அவள் செய்வதெல்லாம் ஒட்டவைக்கும் வேலைதான். பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். கொழுப்பு படிந்த ரத்தக்குழாயைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், இருட்டில் ஒளிரும் மருந்துத் துகள்கள் அவை. நல்ல குழாயில் ஒட்டக் கூடாது. நோய்க்குழாய், நல்ல குழாய் என இரண்டு வகைத் துண்டுகளின் மேலும் உப்புநீரை ஓடவிட்டு, எதில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். மதியம் ஆராய்ச்சிக்கூட டைரக்டர் வந்து பார்ப்பார். சரியாக வராவிட்டால் ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவார்.

நல்ல குழாய் டைரக்டரே கொடுத்தது. தலைவலிக்காக ஆஸ்பத்திரியில் அவர் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயை வெட்டிச் சோதித்தபோது மிஞ்சிய துண்டு. கொடுக்கும்போது பெருமையாகச் சொன்னார்:

"தினமும் எட்டு கிலோமீட்டர் நடக்கறேன், எண்ணெயைத் தொடறதே இல்ல. இதைவிட சுத்தமான குழாய் உனக்கு எங்கம்மா கிடைக்கும்?"

அந்தச் சுத்தமான குழாய்தான் இப்போது திரையில் ஜெகஜோதியாக இருந்தது.

நீரின் வேகத்தைக் கூட்டினாள். நோய்க்குழாயில் பாதித் துகள்கள் கழன்று போயின. டைரக்டருடையதில் ஒன்றுகூட நகரவில்லை.

கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க முதலில் பால்பவுடர் கரைசலைப் பூசுவது இந்தத் தொழிலில் கைவைத்தியம். டப்பா காலி. கேன்டீனுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பால்பவுடர் இருக்கா? அவசரம்!"

"டீ போடவா?"

"இல்லக்கா, டைரக்டரோட ரத்தக்குழாய்ல ஊத்தணும்."

"ஐயையோ!" என்று பாக்கெட்டும் கையுமாக ஓடிவந்தாள் கேன்டீன் அக்கா.

புதுத் துண்டுகளில் கரைசலைப் பூசி, துகள்களை விட்டுக் கழுவினாள். சுற்றியிருந்த வெளிச்சமெல்லாம் அடங்கியது. டைரக்டரின் குழாய் மட்டும் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு டைரக்டர் வந்தார்.

"இதுல எது என்னோடது?"

"அந்த... மின்னுறது, சார்."

"நல்ல குழாய்லயே இப்படி ஒட்டுதா? உன் துகளுக்கு நல்லது கெட்டது தெரியலம்மா. மூணு வருஷம் தண்டம். திங்கட்கிழமை மேஜையைக் காலி பண்ணிடு."

அவள் துண்டுகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். மூன்று வருட உழைப்பு ஒரே நிமிடத்தில் போயிற்று.

பால்பவுடர் பாக்கெட்டின் வாயை மடித்துக்கொண்டே அக்கா டைரக்டரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினது வாஸ்தவம்தான். ஆனா இந்தப் பொண்ணுக்கு வேலை போகுதே! வாக்கிங்னு கிளம்பி, தினமும் காலைல எங்க பின்வாசல்ல நின்னு நாலு பொரிச்ச கோழிக்கால் சாப்பிடறீங்களே, அதை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"