அடிமட்டம் அண்ணையின் அமெரிக்கக் கார்

சுவிஸ் நாட்டின் வில் நகரத்தில் ஓடுகிற எந்தக் காரும் அடிமட்டம் அண்ணையிடம் நல்ல பெயர் வாங்கியதில்லை, அவருடைய காரைத் தவிர. அது முப்பது வயதான அமெரிக்க செடான். நீண்டு தாழ்ந்த உடம்பு, அகலமான கண்ணாடிகள்.

"மூண்டில ரண்டு பங்கு தகரம், ஒரு பங்கு கண்ணாடி. முன்சில்லுக்கும் கதவுக்கும் இடையில ஒரு அடி. இதுதான் எண்டைக்கும் வடிவு. மிச்சமெல்லாம் ஃபாஷன்," என்பார். தொழிற்சாலையில் தகடு அளக்கிற வேலை. காற்சட்டைப் பையில் எப்போதும் அளவுகோலாக ஓர் அடிமட்டம் நீட்டிக்கொண்டிருக்கும்; பெயரும் அதனால் வந்ததுதான்.

ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை வந்த புத்தம்புதுக் காரின் கதவை மறித்துக் குந்தியிருந்து அளந்தார். "சன்னலை ஒடுக்கிப் போட்டாங்கள். உள்ளுக்க இருக்கிறது மாப்பிள்ளையோ மரக்கறியோ எண்டு ஆருக்குத் தெரியும்?" முகூர்த்தம் தப்பப்போகிறதென்று ஐயரே வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்.

பிறகு ஈரலில் புற்றுநோய் என்றார்கள். டொக்டர் மூன்று மாதம் சொன்னார். சாவைவிட, தனக்குப் பின் யாராவது அந்தக் காரை அலங்கோலமாக்கிவிடுவான் என்பதுதான் அண்ணைக்குப் பயம். விற்க விளம்பரம் போட்டார். வந்தவர்களையெல்லாம் துரத்தினார். பெரிய சில்லு போடலாமா என்று கேட்டவனுக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

"எனக்குத் தாங்கோவன் அண்ணை," என்றேன்.

"உனக்கோ? ரண்டு வருசத்துக்கு ஒருக்கா கார் மாத்திறவன் நீ. இதையும் மாத்திப்போடுவாய். போடா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிழமை தவறாமல் இவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிறவன் நான். என் காரின் பின்சீற்றில் வாந்திப் பையைப் பிடித்தபடி, "கூரை தலையில இடிக்கிற மாதிரிப் பதிஞ்சு கிடக்கு," என்று குறை சொல்கிறவர் அவர்.

செத்த வீடு முடிந்ததும் அவர் மனைவி சாந்தியக்கா கார்த் திறப்பை என் கையில் வைத்தார்.

"உனக்குத்தான் குடுக்கச் சொன்னவர். அவன் மாத்தினாலும் பரவாயில்லை, எனக்காக அலைஞ்ச பெடியன் எண்டவர்."

இந்த நாட்டில் ஒருவருடைய இரண்டு கார்களுக்கு ஒரே இலக்கத் தகட்டை மாற்றி மாற்றிப் பூட்டலாம். தகடு இருக்கிற கார்தான் வீதிக்கு வரலாம். ஒருநாள் ஓட்டிப் பார்ப்போமே என்று என் தகட்டை அண்ணையின் காரில் பூட்டினேன். ஏழு மாதமாகிறது. என் புதுக்கார் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் தூசி பிடித்து நிற்கிறது. தகட்டைக் கழற்ற இரண்டு தரம் குனிந்தேன். இரண்டு தரமும் அழுதுவிட்டு, அண்ணையின் காருடைய கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு மேலே வந்தேன்.