குரங்கிடம் போன காது

யாராவது பேசும்போது நான் கவனமாகக் கேட்பதுபோலத் தெரிந்தால், அது என் முகத்தின் சாமர்த்தியம். உள்ளே, அடுத்து நான் என்ன பேசலாம் என்று ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கும். தலை தன் பாட்டுக்கு ஆடும். (தென்காசியில் எங்கள் பாத்திரக் கடையில் குக்கர் கேட்டவர்களுக்குக் குடம் எடுத்துக் காட்டியிருக்கிறேன்.)

எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் குற்றால சீசன். வாசுதேவநல்லூரிலிருந்து மாமியார் வந்திருந்தார். பல வருடமாகக் காது மந்தம். ராணுவத்தில் இருக்கும் மைத்துனன் அப்போதுதான் லீவில் வந்து காது மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தான். புதிதாகக் கேட்கிற சந்தோஷத்தில் அத்தை மிக்ஸி சத்தத்தைக்கூட நின்று ரசித்தார்.

அவரையும் மனைவியையும் ஐந்தருவிக்கு அழைத்துப் போனேன். வழி முழுக்க அருவிகளைப் பற்றி நான் மட்டுமே பேசினேன். குளிக்கப் போகுமுன் அத்தை மெஷினைக் கழற்றிக்கொண்டே ஏதோ சொன்னார். நான் புலியருவியைப் பற்றிய அடுத்த பாகத்தில் இருந்தேன். "ஆமா அத்தை, ரொம்ப நல்லாருக்கும்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மகளோடு பெண்கள் பக்கம் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குரங்கு வந்து என் மடியிலிருந்த பழப் பையைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. நான் மிகுந்த வீரத்தோடு பையை அதனிடமே கொடுத்துவிட்டேன்.

ஈரத் தலையோடு வந்த மனைவி, "அம்மாவோட மெஷின் எங்க?" என்றாள்.

"எந்த மெஷின்?"

"கைக்குட்டையில சுத்திப் பழப் பையில வச்சிருக்கேன், குரங்கு வராமப் பாத்துக்கிடுங்கன்னு அம்மா உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே வந்தா?"

அண்ணாந்து பார்த்தேன். மரத்தின் மேலே குரங்கு கைக்குட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தது. நான் கெஞ்சினேன், கும்பிட்டேன், சட்டையைக் கழற்றி வீசினேன். பக்கத்தில் குளிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். குரங்கு மெஷினைக் கடித்துப் பார்த்து, பிடிக்காமல் எங்கோ எறிந்தது. உடனே எல்லோரும் நாலா பக்கமும் ஓடித் தேடினோம்.

அத்தை மட்டும் ஓடவில்லை. எங்கள் கூச்சல் எதுவும் கேட்காததால், மரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றிருக்கிறார். நேராக ஒரு பாறை இடுக்குக்குப் போய் அதை எடுத்தார். முந்தானையில் துடைத்துக் காதில் மாட்டினார். நான் கிட்டே ஓடி, "அத்தை, கேக்குதா?" என்று அலறினேன்.

"கத்தாதிய மாப்ள. நல்லா கேக்கு."

உலகத்தில் எந்த வாக்கியமும் என் காதில் அவ்வளவு இனிமையாக விழுந்ததில்லை. உட்கார்ந்துவிட்டேன். ஊர் திரும்பும்வரை வாயைத் திறக்கவில்லை. அத்தைதான் பேசிக்கொண்டு வந்தார். அவர் அவ்வளவு வேடிக்கையாகப் பேசுவார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போதும் வீட்டில் யாராவது என்னிடம், "கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க" என்றால் போதும். அத்தை அவசரமாகத் திருத்துகிறார்: "கேக்கச் சொல்லு. கொடுக்கச் சொல்லாத."