கம்ப்யூட்டருக்கு மருந்தடித்தவர்

உலகத்தில் எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறார்கள். ஆனால் வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே மவுஸைத் தொடுகிற மனிதர் சுற்றுவட்டாரக் கிராமங்களெல்லாம் சேர்ந்த எங்கள் பாகூர் கொம்யூனில் மட்டும்தான் இருக்கிறார். ஊரில் அவருக்குப் பெயர் மருந்து. என்னைப் போன்ற சின்னவர்களுக்கு மருந்தண்ணன். அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது ரேஷன் கார்டுக்குத் தெரியும்.

முதலில் அவர் வயலுக்குத்தான் மருந்தடித்தார். முதுகில் பவர் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு கரியமாணிக்கம் வரைக்கும் போய் நெல்லுக்கும் கத்தரிக்கும் அடித்து வந்தவர். ஒரு கட்டத்தில் கை முழுக்கக் கொப்பளித்துப்போய், இனிமேல் மருந்து டப்பாவின் மூடியைக்கூடத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு பிழைப்பு வேண்டுமே என்று வில்லியனூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வகுப்பில் சேர்ந்தார். வைரஸ் என்பது பயிருக்கு வரும் பூச்சி மாதிரி, ஆன்ட்டிவைரஸ் என்பது மருந்து மாதிரி என்று முதல் நாளே அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பூச்சி காதில் விழுந்தது, மருந்து காதில் விழுந்தது. 'மாதிரி' மட்டும் விழவில்லை.

அதிலிருந்து அவருடைய வைத்தியம் எல்லாம் வயல் வைத்தியம்தான். இடுப்பில் சாவிக்கொத்து போல ஒரு பென்டிரைவ் கொத்து தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனியின் ஆன்ட்டிவைரஸ். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று. ஒரே மருந்தை அடித்தால் பூச்சி பழகிவிடும் என்பார். கொஞ்சம் முற்றிய கேஸ் என்றால் இரண்டு மூன்றைச் சேர்த்தே போடுவார். மின்விசிறி முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி பார்த்து உட்காருவார். முடித்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து, இன்றைக்கு ஒரு நாள் இதை யாரும் தொடக் கூடாது, மருந்து இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். தொட நினைத்தாலும் தொட முடியாது என்பது வேறு விஷயம். மூன்று மருந்தும் சேர்ந்து ஸ்கேன் பண்ணுகிற கம்ப்யூட்டரில் அம்புக்குறியை நகர்த்துவதற்குள் உலை கொதித்துவிடும்.

கிளம்பும்போது மானிட்டரின் ஒயரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். எங்கள் பக்கத்தில் மருந்தடித்த வயலின் வரப்பில் குச்சி நட்டு அப்படித் துணி கட்டுவது வழக்கம். மாட்டுக்குப் புல் அறுக்க வருகிறவர்கள் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள். மருந்தண்ணன் அதே வழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார். கரியமாணிக்கத்தில் ஒரு வீட்டில் அந்தத் துணியைப் பார்த்துப் பயந்து, ஜன்னல் ஓரம் கட்டியிருந்த கறவை மாட்டை அவிழ்த்து வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினார்கள். மருந்தண்ணன் அதைத் தடுக்கவில்லை. "எதுக்கும் தள்ளிக் கட்றது நல்லதுதான்" என்றாராம்.

மருந்து ஒரு பக்கம் என்றால் களையெடுப்பு இன்னொரு பக்கம். கம்ப்யூட்டரில் இருக்கிற குப்பையைச் சுத்தம் பண்ணும் சாஃப்ட்வேர்களைத்தான் அப்படிச் சொல்வார். அது ஓடி முடிந்ததும் உங்கள் கம்ப்யூட்டரில் இத்தனை ஆயிரம் கோளாறு என்று சிவப்பில் ஒரு எண் வரும். எண் பெரிதாக இருந்தால் வீட்டுக்காரர்களுக்கு அவ்வளவு திருப்தி. பக்கத்து வீட்டைவிட நம் வீட்டில் அதிகம் என்று பெருமைப்பட்டவர்களும் உண்டு.

ஒரு தடவை காதுகுத்து விசேஷம் முடிந்த வீட்டில், ஒரே மாதிரி இருக்கிற படங்களைக் கண்டுபிடித்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கிற களையெடுப்பை ஓட்டினார். அந்த வீட்டில் காது குத்திக்கொண்டவர்கள் இரட்டைக் குழந்தைகள்.

ஆல்பத்தைத் திறந்து பார்த்த அம்மா, "என் புள்ளைல ஒண்ணு எங்கபா?" என்று கேட்டிருக்கிறார்.

மருந்தண்ணன் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் நெல்லுதான்னு அதுக்கு இன்னா தெரியும்கா" என்றார். போட்டோகிராபரிடம் இன்னொரு காப்பி இருந்ததால் அந்தக் குழந்தைக்கும் காது குத்தியதற்குச் சாட்சி கிடைத்தது.

நான் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தது பாகூர் ஜெராக்ஸ் கடையில். கல்லூரி முடித்துவிட்டு அங்கே விண்ணப்பம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அதனால் கரண்டில் ஓடுகிற எது கெட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள், மிக்ஸி உட்பட. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டே எதையும் எப்படி, ஏன் என்று நோண்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

கடை நடத்துகிற அக்காவிடம் இரண்டு கம்ப்யூட்டர்கள். இரண்டிலும் சிவப்புத் துணி. மருந்தண்ணனுக்கு அந்தக் கடைதான் விளம்பரப் பலகை. சாதிச் சான்றிதழுக்கும் அட்மிஷனுக்கும் வருகிற கொம்யூன் மொத்தமும் அந்தத் துணியைப் பார்த்துத்தான் அவரைக் கூப்பிட்டது. ஆனால் அட்மிஷன் நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரும் சேர்ந்து படுத்துக்கொண்டன. ஆன் பண்ணிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசையில் நின்ற பெற்றோர் முணுமுணுத்தார்கள். அக்கா மருந்தண்ணனைக் கூப்பிட்டு, வில்லியனூரிலிருந்து வேறு ஆளை வரவழைக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அக்கா கடையில் துணி அவிழ்ந்தால் கொம்யூன் முழுக்க அவிழ்ந்துவிடும். அது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அவர் அவசரமாகக் கொத்திலிருந்து புதிதாக ஒரு பென்டிரைவை எடுத்தார். நான் எனக்கு ரொம்ப நாளாக இருந்த சந்தேகத்தைக் கேட்டேன்.

"அண்ணா, மருந்தே அடிக்கலன்னா இன்னாண்ணா ஆவும்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. அவரும் கோபப்படவில்லை. பென்டிரைவைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். இத்தனை வருடத்தில் இதை யாரும் தன்னைக் கேட்டதில்லை என்றார். பிறகு வயலில் நடப்பதைச் சொன்னார். புது மருந்து வந்தால் ஒரு பாத்திக்கு அடித்து, பக்கத்துப் பாத்தியை அடிக்காமல் விட்டுத்தான் பார்ப்பார்களாம்.

"ஒரு பாத்திய வுட்டுப் பாப்பமா" என்றார்.

"வுட்டுப் பாத்து நீ தோத்துட்டன்னா?" என்றார் அக்கா. "அப்பறம் உன்ன யாரு கூப்புடுவா மருந்து?"

"தோத்தா தோத்தன்கா. இன்னான்னு தெரிஞ்சிக்கினு தோக்கறன்."

இடது பக்கக் கம்ப்யூட்டரிலிருந்து எல்லா மருந்தையும் களையெடுப்பையும் நீக்கினோம். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டிருந்த அப்டேட்டை மட்டும் நான் போட்டேன். வலது பக்கத்தில் கொத்தில் இருந்த நல்ல சரக்கையெல்லாம் அவர் இறக்கினார். தினமும் காலையில் வந்து இடது பக்கத்து மானிட்டர் முன்னால் குந்தி உட்கார்ந்து, இலையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். இன்னும் ஒன்றும் வரவில்லையே என்று அவருக்கு ஒரே வியப்பு. அந்தப் பாத்தியோ சொன்ன பேச்சைக் கேட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வலது பக்கத்தில்தான் கூத்து. ஒரு மருந்து இன்னொரு மருந்தைப் பூச்சி என்று பிடித்துப் பூட்டிவைத்தது. அந்த இன்னொன்று வெளியே வந்து இதைப் பிடித்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு கம்பெனி மருந்த ஒரே டேங்க்ல ஊத்தனா திரிஞ்சிதான் பூடும். வயல்ல இது எனக்குத் தெரியும்பா. இங்க எப்படி மறந்தன்?" என்றார்.

பிறகு ஒரு நாள் கல்யாண வீட்டுப் போட்டோகிராபர் ஒருவர் பிரிண்ட் போட ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தார். அதில் படத்தோடு பூச்சியும் வந்தது. இடது பக்கம் செருகியதும் மூலையில் சின்னதாக ஒரு அறிவிப்பு: ஆபத்தான ஃபைல் தடுக்கப்பட்டது. அவ்வளவுதான். அந்தப் பக்கத்துப் பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டதால் அக்கா அந்தப் பென்டிரைவையே பிடுங்கி வலது பக்கம் செருகினார். அங்கே மருந்துகள் ஒன்றின் மேல் ஒன்று கத்த ஆரம்பித்தன. ஒன்று புதுப்பிக்கச் சொன்னது, ஒன்று பணம் கட்டினால் இன்னும் வேகம் என்றது, ஒன்று உடனே முடிவு எடுங்கள் என்றது. எதிரில் வரிசை நிற்கிறது. அக்கா எரிச்சலில் வந்த பெட்டிக்கெல்லாம் 'சரி', 'சரி' என்று தட்டிக்கொண்டே போனார். பூச்சியை உள்ளே விடவா என்று கேட்ட பெட்டிக்கும் சேர்த்து.

சாயங்காலம் மருந்தண்ணன் வந்தபோது வலது பக்கம் மொத்தமாக விழுந்திருந்தது. இடது பக்கத்தில் ஒரு பெண் சாவகாசமாக ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் வலது பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு நேராக இடது பக்கத்துக்குப் போனார்.

"இதுல மருந்தே இல்லியே. அப்ப யாரு புடிச்சது?"

நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். சிஸ்டத்தோடேயே ஒரு காவல் வருகிறது, அப்டேட் சரியாக இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும், நாம் வெளியிலிருந்து வேறொன்றைப் போட்டால் அது ஒதுங்கிப் படுத்துவிடும் என்று.

அவர் உட்கார்ந்தார். வாயில் கட்டியிருந்த துண்டை மெதுவாக இறக்கினார்.

"நெல்லுல சிலந்தி இருக்கும் தம்பி. அதுபாட்டுக்குப் பூச்சியப் புடிச்சித் துன்னுகினு இருக்கும். மருந்தடிச்சா மொதல்ல அதுதான் சாவும். அப்பறம் பூச்சிக்குக் கொண்டாட்டம்." இடுப்பில் தொங்கிய பென்டிரைவ் கொத்தைக் கையில் எடுத்தார். "இத்தினி நாளும் நான் சிலந்திக்கும் சேத்துதான் அடிச்சிக்கினு இருந்தனா?"

 

அடுத்த வாரத்திலிருந்து அவர் வீடு வீடாகப் போய்த் தான் அடித்த மருந்தைத் தானே எடுக்க ஆரம்பித்தார். யாரும் கேட்காமல்தான் போனார். கொம்யூன் அதை நல்ல மனதோடு ஏற்றுக்கொண்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஊசி போடாத டாக்டரை ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் பார்த்தது. "மருந்து வேணாம்னு சொல்றதுக்கு நீ எதுக்குபா?" என்று ஒரு பெரியவர் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். பாதிப் பேர் வில்லியனூர்க்காரரிடம் போய்விட்டார்கள். அவர் ஒரே தடவையில் நான்கு மருந்து அடிக்கிறாராம். மிச்சம் இருக்கிற வீடுகளுக்கு மருந்தண்ணன் அப்டேட் போட்டுக்கொடுக்கிறார், படங்களுக்கு இன்னொரு காப்பி எடுத்து வைக்கிறார், கண்ட லிங்க்கைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறார். அப்டேட்டே வராத கிழட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு என்ன செய்வது என்று என்னை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். சில வீடுகளில் வீட்டுக்காரர்கள் மனசு ஆற வேண்டும் என்பதற்காகத் துண்டை மட்டும் கட்டிக்கொண்டு உட்காருகிறார்.

எல்லா வீட்டிலும் சிவப்புத் துணியை அவரே அவிழ்த்துக்கொண்டு வந்தார். நான் லேப்டாப் வாங்கியபோது கூப்பிட்டுக் காட்டினேன். இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தார். இதற்கு ஒன்றும் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து லேப்டாப் பையின் கைப்பிடியில் கட்டினார்.

"அதான் மருந்தே இல்லியேண்ணா. துணி எதுக்கு?"

"மருந்துக்கு இல்லடா. எத்தயாவது அவசரத்துல தட்டப் போவ இல்ல, அப்ப கண்ணுல படட்டும்."

அந்தத் துணி வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. லேப்டாப்பிலிருந்து தேவையில்லாததையெல்லாம் அவ்வப்போது நீக்குகிறேன். அதை மட்டும் எந்தக் களையெடுப்புக்கும் நான் கொடுப்பதாக இல்லை.